முதலில் கைடைத் தேடுங்கள், பல்கலைக்கழகத்தை அப்புறம் பார்க்கலாம்

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு 27 வயது. எம்.ஏ. இதழியல் முடித்துவிட்டு 3 ஆண்டுகளாக ஒரு தமிழ் நாளிதழின் செய்திப் பிரிவில் வேலை பார்க்கிறாள். இப்போது வேலையை விட்டுவிட்டு பிஎச்.டி. சேரப் போவதாகச் சொல்கிறாள். வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இப்படிச் சொல்கிறாளே என்ற கலக்கம் உங்கள் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. நடுவில் ஒருவர், ஒரு தொகை கட்டினால் இரண்டரை வருஷத்தில் பட்டத்தையே முடித்துத் தருவதாகச் சொன்னார் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிமுறைப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தபட்சக் காலமே 3 ஆண்டு. தபால் வழியிலோ ஆன்லைனிலோ சேரும் பிஎச்.டி. செல்லாது. விதிகளை மீறிப் பட்டம் கொடுத்ததற்காக ராஜஸ்தானில் 3 தனியார் பல்கலைக்கழகங்கள் 5 ஆண்டுகளுக்கு பிஎச்.டி. மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் யுஜிசி தடை போட்டது. அங்கே பணம் கட்டிய பெற்றோரும் நம்மைப் போன்றவர்கள்தான். உங்கள் மகள் செய்தி எழுதிப் பெயர் வாங்கியவள். யாரோ எழுதிய ஆய்வேட்டில் அவள் பெயர் வர வேண்டாம்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி: எந்த யுனிவர்சிட்டி நல்லது? எம்.ஏ.வுக்கு அப்படிக் கேட்கலாம். பிஎச்.டி.யில் அடுத்த நாலைந்து வருஷம் அவள் ஒரு மனிதரோடுதான் வேலை செய்யப் போகிறாள். அவர்தான் கைடு. அதனால் அவளுடைய கேள்வி என்ன, அந்தக் கேள்வியைப் புரிந்தவர் யார், அவர் எங்கே இருக்கிறார் என்ற வரிசையில்தான் தேட வேண்டும்.

பெண்கள் மீதான குற்றச் செய்திகளுக்குத் தமிழ் நாளிதழ்கள் எப்படித் தலைப்பு வைக்கின்றன என்று ஆராய விரும்புகிறாளாம். மிக நல்ல கேள்வி. செய்திப் பிரிவு டெஸ்கில் உட்கார்ந்து தலைப்பு போட்டவளுக்குத்தான் இப்படித் தோன்றும். ஆனால் தமிழ் படிக்கத் தெரியாத கைடிடம் போனால் ஒவ்வொரு தலைப்பையும் மொழிபெயர்த்துக் காட்டுவதிலேயே பாதி நாள் போய்விடும். ஒவ்வொரு பல்கலைக்கழகத் துறையின் ஆய்வுச் சாய்வும் வேறு. ஹைதராபாத் மத்திய பல்கலைக்கழகத்தில் சமுதாய ஊடகத்துக்கான யுனெஸ்கோ இருக்கை, அதாவது அந்தத் துறைக்கென்றே ஓர் ஆய்வு அமைப்பு, இருக்கிறது. சமுதாய வானொலியை ஆராய்பவர்களுக்கு அது பொருத்தமான இடம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இதழியலோடு அறிவியல் தொடர்பியலும் சேர்ந்திருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தில் இருப்பது ஊடக அறிவியல் துறை. சென்னை, திருநெல்வேலி, கோவை, சேலம், திருவாரூர், புதுச்சேரி பல்கலைக்கழகங்களிலும் இதழியல் அல்லது தொடர்பியல் துறை உண்டு. பெயர்ப் பலகையைப் பார்த்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

கைடைத் தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மனதில் இருக்கும் பேராசிரியரின் பெயரை அதில் தேடி, அவர் மேற்பார்த்த 3 ஆய்வேடுகளையாவது மகளை முழுவதும் படிக்கச் சொல்லுங்கள். 200 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்துச் சதவீதம் போட்ட ஆய்வாகவே மூன்றும் இருந்தால், செய்திமொழியை நுணுகிப் பார்க்க வேண்டிய இவள் கேள்வி அங்கே தவித்துப் போகும். மாணவர் பதிவு செய்த ஆண்டையும் பட்டம் வாங்கிய ஆண்டையும் ஒப்பிடட்டும். பிறகு அவரிடம் இப்போது ஆய்வு செய்யும் ஒருவரைப் பார்த்து, "அத்தியாயம் கொடுத்தால் எத்தனை நாளில் படித்துத் தருவார்?" என்று மட்டும் கேட்கட்டும். பதில் வருவதற்கு முன் ஒரு பெருமூச்சு வந்தால் அதையும் குறித்துக்கொள்ளட்டும்.

அந்த கைடிடம் காலியிடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு பேராசிரியர் 8 மாணவர்களுக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் வரைதான் ஒரே நேரத்தில் வழிகாட்டலாம். ஓய்வுபெற 3 ஆண்டுக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. இந்த விதி வருவதற்கு முன் என்னிடம் வந்த ஒரு பையன், பெரிய பெயருள்ள கைடு கிடைத்தார் என்று சேர்ந்தான். இரண்டாம் ஆண்டிலேயே அவர் ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவருக்கு அவன் தலைப்பில் அக்கறையே இல்லை. 7 ஆண்டு ஆயிற்று முடிக்க. அவன் பட்ட பாடு இன்னும் என் மனதில் இருக்கிறது.

பணத்துக்கு வருவோம். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு வழியாகக் கிடைக்கும் ஆய்வு உதவித்தொகையான ஜேஆர்எஃப் கிடைத்தால் முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. அது இல்லாமல் மத்திய பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் மாதம் 8,000 ரூபாய்தான். ஹாஸ்டல் சாப்பாட்டுக்கும் புத்தகத்துக்கும் சரியாகப் போய்விடும். அதனால் வேலையை உடனே விட வேண்டாம். நெட் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. ஜேஆர்எஃபுக்கு வயது வரம்பு 30, பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. இரண்டு முறை முழு மூச்சாக எழுதிப் பார்க்கட்டும். ஜேஆர்எஃப் தவறினாலும் பிஎச்.டி. சேர்க்கைக்கு அந்த நெட் மதிப்பெண் ஓராண்டு செல்லும். பல இடங்களில் அதற்கு 70 சதவீதமும் நேர்காணலுக்கு 30 சதவீதமும் போட்டுத்தான் எடுக்கிறார்கள்.

வேலையில் இருந்துகொண்டே பார்ட் டைமிலும் செய்யலாம், நிர்வாகம் தடையில்லாச் சான்று தர வேண்டும். இரவு 12 மணிக்குப் பக்கம் முடித்துவிட்டு வருகிறவளுக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கல்லூரி ஆசிரியர் வேலை மட்டும்தான் நோக்கம் என்றால் பிஎச்.டி. அவசரமே இல்லை. 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் போதும். செய்தித் தலைப்புகள் பற்றிய தன் கேள்விக்கு விடை தெரியாமல் இருக்க முடியவில்லை என்றால் மட்டும் அவள் சேரட்டும்.

கல்யாணத்தைப் பற்றியும் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். ஆய்வு செய்யும் பெண்களுக்கு மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பு உண்டு. சாதாரணமாக 6 ஆண்டில் முடிக்க வேண்டும், மறுபதிவுக்குப் பின் பெண்களுக்குக் கூடுதலாக 2 ஆண்டும் கிடைக்கும். பெண் பார்க்க வருகிறவர்களிடம் முதல் நாளே, "எங்கள் பெண் ஆய்வு செய்யப் போகிறாள்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அம்மா வாயால் அதைக் கேட்டால் அவளுக்கு எவ்வளவு தெம்பு என்று உங்களுக்கே தெரியும்.

இந்த வாரம் அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான். தன் கேள்வியை ஒரே பக்கத்தில், தமிழிலேயே எழுதி எனக்கு அனுப்பட்டும். ஆய்வேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்த ஆண்டுகளின் செய்தித்தாள்கள், எத்தனை நாளிதழ்கள் என்பது அந்தப் பக்கத்தில் இருக்கட்டும். பழைய இதழ்கள் தேவை என்றால் சென்னை தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கு ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு எழுதட்டும். அந்தப் பக்கம் வந்த பிறகு யார் யாரைப் போய்ப் பார்க்கலாம் என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசுகிறோம். நீங்களும் கூட வாருங்கள்.