நிலம் கடைசியில்தான்: தியான இல்லம் பற்றி வாசகர் கேள்விகள்

நானும் மனைவியும் சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கிறோம். மூன்று முறை பத்து நாள் விபாசனா முகாமுக்குப் போய் வந்தோம். வேலையை விட்டுவிட்டு, பழனிமலையில் ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம் வாங்கி பௌத்த தியான இல்லம் தொடங்க ஆசை. அட்வான்ஸ் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?
(வாசகர், வேளச்சேரி)

இப்போது கொடுக்காதீர்கள். இந்த வேலையில் நிலம் கடைசிப் படி.

முகாமுக்குப் போகிறவர் கண்ணில் படுவது மண்டபம். நடத்துகிறவர் நாள் முழுக்கப் பார்ப்பது சமையல்கட்டு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை. கோயங்கா மரபில் (பத்து நாள் விபாசனா முகாம்களைப் பரப்பிய எஸ்.என். கோயங்காவின் வழி) ஒரு பத்து நாள் முகாமை முடித்தவர்கள் அடுத்த முகாம்களில் சேவைக்குப் போகலாம். சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் 'தம்ம சேது' விபாசனா மையம் இருக்கிறது. இருவரும் குறைந்தது மூன்று முகாம்களுக்குச் சமையலறை சேவை செய்யுங்கள். காலை 4 மணிக்கு மணி அடித்து, 6.30-க்குச் சிற்றுண்டி, 11-க்கு மதிய உணவு என்று பத்து நாளும் ஓடிய பிறகும் ஆசை குறையாமல் இருந்தால் அதை நம்பலாம். சிறிய இடம் எப்படி இயங்குகிறது என்று பார்க்க, கொடைக்கானல் போகும் வழியில் பெருமாள்மலையில் 1996 முதல் நடக்கும் 'போதி ஜென்டோ' என்ற ஜென் தியான மையத்திலும் தங்கிப் பாருங்கள். வசதி இருந்தால் கண்டி அருகே, 1979-இல் தொடங்கிய நிலம்பே தியான மையத்துக்கும் போய் வாருங்கள்.

அடுத்தது, யார் சொல்லிக்கொடுப்பது? மூன்று முகாம் முடித்ததால் கற்பிக்கும் தகுதி வந்துவிடாது. கோயங்கா மரபில் ஆசிரியர்களை நியமிக்கிறார்கள். ஜென்னில் குருவின் ஒப்புதல் வேண்டும். நீங்கள் இடம் கொடுத்து உபசரிப்பவராக இருந்து, தகுதி பெற்ற ஆசிரியரை அழைப்பதே நேர்மையான வழி. முதல் ஆண்டு ஒரு வீட்டையோ பண்ணை விடுதியையோ வாடகைக்கு எடுத்து, எட்டுப் பேர், இரண்டு இரவு என்று ஆறு முறை நடத்துங்கள். ஆசிரியர் கிடைக்காமல் போவது, கடைசி நாளில் மூன்று பேர் வராமல் போவது, சமையல்காரர் லீவு போடுவது எல்லாம் அதற்குள் தெரிந்துவிடும்.

அதன்பின் நிலம். பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, புல வரைபடம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று ஆகியவற்றை வழக்கறிஞர் பார்க்க வேண்டும். பஞ்சமி நிலமாக (ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஆங்கிலேயர் காலத்தில் ஒதுக்கியது) இருந்தால் வாங்கவே கூடாது. பத்திரம் பதிவாகிவிட்டாலும் அது நிற்காது. பல மலைக் கிராமங்களில் கட்டடத்துக்கு மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் (1990 முதல் இருப்பது) ஒப்புதலும் தேவை. எல்லையில் வனத்துறை நிலம் இருந்தால் அளந்து கல் நட்ட பிறகே பேசுங்கள். தோட்டத்துக்குப் போகும் பாதை பக்கத்துக்காரர் நிலத்தில் போனால், அந்தப் பாதை உரிமை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி வாங்கினால், பக்கத்து நிலம் கைமாறும் நாளில் சிமென்ட் லாரி வாசலிலேயே நின்றுவிடும்.

ஒரு புத்தர் சிலை மட்டும் வைக்கப் போகிறோம். அதற்கும் அனுமதி வேண்டுமா?
(வாசகி, திண்டுக்கல்)

பயன்பாடு என்ன என்பதுதான் கேள்வி. பொதுமக்கள் வழிபாட்டுக்கான கட்டடம் என்றால் மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி கேட்பார்கள். தங்கிப் பயிலும் மையம் என்று வரைபடம் ஒப்புதல் வாங்கிவிட்டு, பிறகு வாசலில் உண்டியலும் பூசையும் வந்தால் சிக்கல்தான். விண்ணப்பத்திலேயே உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கட்டுமானத்துக்கு முன் ஊர்ப் பெரியவர்களை உட்காரவைத்து, என்ன நடக்கும், யார் வருவார்கள், மைக் உண்டா இல்லையா என்று சொல்லுங்கள். 1898-லேயே தமிழ்ப் பௌத்த முன்னோடி அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கிய மாநிலம் இது. சேலம் மாவட்டம் தியாகனூரில் இன்றும் ஊர்மக்கள் புத்தரை வணங்குகிறார்கள். விளக்கிச் சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

இருபது பேருக்கு மண்டபம், ஆசனம், தண்ணீர் எவ்வளவு தேவை?
(வாசகர், தேனி)

ஒருவருக்கு 1 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் நீளம். ஆசிரியர் இடம், நடுவழி, சுற்றி நடக்கும் இடம் சேர்த்து 500 சதுர அடி போதும். தகரக் கூரை மட்டும் வேண்டாம். ஐப்பசி மழையில் ஆசிரியர் பேச்சே கேட்காது. ஓடு வேய்ந்து உள்கூரை கொடுங்கள். கழிப்பறைச் சுவர் மண்டபச் சுவரோடு ஒட்டக் கூடாது. அமைதியில் குழாய் சொட்டுவது சுத்தியல் அடிப்பது போலக் கேட்கும்.

ஆசனத்துக்கு (உட்காரும் திண்டுக்கு) அலைய வேண்டாம். ஜென் மடங்களில் மரபாக நிரப்பும் பொருள் இலவம்பஞ்சுதான்; அது உங்கள் மாவட்டத்துப் போடியிலேயே கிடைக்கும். 35 செ.மீ. விட்டம், 15 செ.மீ. உயரத்தில் வட்டமாகத் தைத்து, ஏறக்குறைய ஒரு கிலோ பஞ்சைக் கெட்டியாகத் திணியுங்கள். தளர்வாகத் திணித்தால் மூன்றாம் நாளே தட்டையாகிவிடும். முழங்கால் மேலே தூக்கி, இடுப்பு பின்னால் சரிந்து, முதுகுவலி என்று வந்து நிற்பார்கள். உட்கார்ந்ததும் இரண்டு முழங்காலும் விரிப்பில் படிந்து, இடுப்பு அவற்றைவிட உயர்ந்திருந்தால் அளவு சரி. பக்கவாட்டில் ஒரு சாண் நீளம் ஜிப் வையுங்கள், பிறகு பஞ்சு சேர்க்க உதவும். உறையை மட்டும் துவைக்கலாம். பஞ்சு நனைந்தால் கட்டிகட்டியாகிவிடும். மலையில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும் என்பதால், வெயில் அடிக்கும் நாளெல்லாம் வெளியே போடுங்கள். அடியில் போட 75-க்கு 80 செ.மீ. பருத்தி மெத்தை. ஃபோம் வேண்டாம், கணுக்கால் புதைந்து மரத்துப்போகும். மூட்டு வலிக்காரர்களுக்குக் கைப்பிடி இல்லாத நான்கு நாற்காலிகளாவது இருக்கட்டும்.

நடைத் தியானத்துக்கு 15 முதல் 20 மீட்டர் சமதளப் பாதை வேண்டும். பழனிமலையில் காட்டுமாடு விடியலுக்கு முன் தோட்டத்துக்குள் வரும். அறையிலிருந்து மண்டபத்துக்குப் போகும் வழியில் விளக்கும் வேலியும் இல்லாமல் 4.30 மணிக்கு யாரையும் நடக்கவிடாதீர்கள்.

தண்ணீர், தலைக்கு 100 லிட்டர் என்று நாளுக்கு 2,000 லிட்டர். மின்சாரம் போனாலும் மூன்று நாள் தாங்க 6,000 லிட்டர் சேமிப்பு. நான்கைந்து பேருக்கு ஒரு கழிப்பறை. எல்லோரும் ஒரே இடைவேளையில் வருவார்கள் என்பதை மறக்கக் கூடாது. உறிஞ்சு குழி கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி, பள்ளத்துப் பக்கம்.

கட்டணம் வாங்குவது தம்மத்துக்கு (புத்தர் போதனைக்கு) விரோதமா?
(வாசகர், மதுரை)

போதனைக்கு விலை வைப்பதில்லை என்பதே மரபு. ஆசிரியருக்குத் தருவது தானம். தங்கும் இடத்துக்கும் உணவுக்கும் ஆகும் செலவை வெளிப்படையாக வாங்குவது பல மரபுகளில் வழக்கம். கோயங்கா மையங்களில் அதுவும் இல்லை, முகாம் முடித்தவர்கள் தரும் நன்கொடையே. எது என்றாலும் அறக்கட்டளை பதிவு செய்து, அதன் பெயரில் வங்கிக் கணக்கு வையுங்கள். நன்கொடை தருபவர்களுக்கான வரிச்சலுகைக்கு (80ஜி என்று அறியப்படுவது) விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், பத்திரத்தில் 'பௌத்தர்களுக்கு மட்டும்' என்று எழுதாதீர்கள். குறிப்பிட்ட ஒரு மதத்தவருக்கான அமைப்புக்கு அது கிடைக்காது. வெளிநாட்டு நன்கொடைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ கட்டாயம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

முகாம் நடுவில் ஒருவர் தூங்காமல், விடாமல் அழுதால் என்ன செய்வது?
(வாசகி, கோவை)

அழுவது சாதாரணம், அது தானே அடங்கும். தூக்கம் இல்லாமல் இரண்டு இரவு போய், பேச்சு வேகமெடுத்தாலோ, குரல் கேட்கிறது என்றாலோ, தியானத்தை அங்கேயே நிறுத்துங்கள். 'இன்னும் உறுதியாக உட்கார்' என்று சொல்வது பெரிய தவறு. கண் திறந்து இருக்கச் செய்து, சூடான சோறு, தோட்ட வேலை, பேச்சுத் துணை கொடுங்கள். வீட்டாரையும் மனநல மருத்துவரையும் அழையுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416.

இதைத் தடுக்கும் இடம் விண்ணப்பப் படிவம். மனநோய், தற்கொலை முயற்சி, தற்போதைய மாத்திரைகள், அவசரத் தொடர்பு எண் நான்கையும் கேளுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தவரைச் சேர்க்காதீர்கள். இன்சுலின் போடுகிறவருக்கு மதியத்துக்குப் பின் உண்ணாத விதியைத் தளர்த்தி இரவு உணவு கொடுங்கள். முகாம் நடக்கும் எல்லா இரவும் ஒரு வண்டியும் அதை ஓட்டுபவரும் வளாகத்திலேயே இருக்க வேண்டும். முகாமில் நிலைகுலைந்தவரை, வீட்டார் வந்து சேரும்வரை தனியாக அறையில் விடாதீர்கள். கதவைத் தாழிடாமல், அவருக்குப் பழக்கமான ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.