வராண்டாவில் செய்கிறவன் வகுப்பில் ஏன் செய்வதில்லை?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். 26 பிள்ளைகள். ஒரு பையனுக்கு லேசான அறிவுசார் குறைபாடு. இருபது வரை மளமளவென்று ஒப்பிப்பான். பொருளை வைத்து எண்ணச் சொன்னால் தப்பிவிடும். வட்டார வளமையத்திலிருந்து சிறப்பாசிரியை வாரம் ஒரு நாள் வந்து, வராண்டாவில் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார். அங்கே செய்கிறவன் வகுப்புக்குள் வந்தால் செய்வதில்லை. "எல்லாரையும் சேர்ந்து சத்தமாச் சொல்லச் சொல்றீங்க, அது அவனுக்கு ஆகாது டீச்சர்" என்கிறார் அவர். பெரிய டீச்சரோ, சிறப்புப் பள்ளிக்கு அனுப்பிவிடலாமே என்கிறார். என் முறையையே மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம் டீச்சர். சேர்ந்து சொல்வதை நிறுத்தாதீர்கள். தயங்குகிற பிள்ளைக்குக் கூட்டத்தின் குரல் ஒரு பிடிமானம். அதிலுள்ள கோளாறு வேறு: 26 பேர் கத்தும்போது யார் வெறுமனே வாயசைக்கிறார்கள் என்று உங்கள் காதுக்குத் தெரியாது. அதனால் சேர்ந்து சொன்னதும் வரிசை வரிசையாக, பிறகு இரண்டிரண்டு பேராக, கடைசியில் ஒவ்வொருவராகச் சொல்லவையுங்கள். தனியாகச் சொல்லும்போது அவன் முறை மூன்றாவதாக வரட்டும். அதே விடையை இரண்டு பேர் சொல்லக் கேட்டிருப்பான். சில வாரம் போனதும் இரண்டாவது ஆக்குங்கள்.

சிறப்பாசிரியையின் முறையிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, ஒரு வேலையைச் சிறு படிகளாக உடைப்பது. 34 + 28 என்ற கணக்கை ஈர்க்குச்சியில் செய்வதாக வைத்துக்கொள்வோம். 34-க்கு மூன்று கட்டும் நாலு உதிரியும் எடுத்துவைக்க வேண்டும். 28-க்கு இரண்டு கட்டும் எட்டு உதிரியும். உதிரிகளை ஒன்றாகச் சேர்த்து, அதில் பத்தை எண்ணிப் பிரித்து, ரப்பர் பேண்ட் போட்டுப் புதுக் கட்டாக்க வேண்டும். பிறகு ஆறு கட்டு, இரண்டு உதிரி என்று பார்த்து 62 எழுத வேண்டும். நமக்கு ஒரு கணக்காகத் தெரிவது அவனுக்கு ஏழு வேலை. ஏழையும் இன்றே கேட்காதீர்கள். நாலு பேர் குழுவில் அவனை உட்காரவைத்து, "பத்து எண்ணிக் கட்டுப் போடுறது உன் வேலை" என்று அதை மட்டும் கொடுங்கள். அவன் கட்டுப் போடாமல் குழுவுக்கு விடை வராது. பாடம் எல்லாருக்கும் ஒன்று. அன்றைய இலக்கு மட்டும் அவனுக்கு வேறு.

எண்ணும்போது தப்புவதற்குக் காரணம், கை ஒரு குச்சியைத் தொடுவதற்குள் வாய் இரண்டு எண் சொல்லிவிடுகிறது. திருப்பித் திருப்பி ஒப்பிக்கவைத்தால் வாய்தான் இன்னும் வேகமாகும். 30 முட்டை வைக்கிற அட்டையில் வரிசைக்கு ஐந்து குழி, ஆறு வரிசை இருக்கும். இரண்டு வரிசைக்கு ஒன்றாக வெட்டினால் பத்துக் குழியில் மூன்று துண்டு. ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு ஒடித்து, குழிக்கு ஒன்று வைத்து எண்ணட்டும். குழி நிறைந்தால் பத்து. ஐந்து தடவையில் நாலு சரி, இப்படித் தொடர்ந்து மூன்று நாள் வந்தால் அட்டையை எடுத்துவிட்டு, தாளில் பத்துப் புள்ளி வைத்துக் கொடுங்கள். பிறகு புள்ளியும் வேண்டாம். அட்டை இருக்கிறதே என்று மாதக்கணக்கில் விட்டுவைத்தால், அட்டை இல்லாமல் எண்ண வராது.

வராண்டாவில் வருவது வகுப்பில் வராததற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். அங்கே ஒவ்வொரு படிக்கும் ஒரு விரல் காட்டும், ஒரு தலை ஆடும். அந்த உதவியைப் படிப்படியாகக் குறைக்காவிட்டால், பிள்ளை எண்ணுவதற்குப் பதில் டீச்சர் முகத்தைப் பார்க்கவே பழகிக்கொள்ளும். புது வேலை என்றால் கையைப் பிடித்துச் செய்வதில் தொடங்கி, செய்துகாட்டுவது, சொல்வது, சுட்டுவது என்று இறங்குங்கள். தெரிந்த வேலை என்றால் தலைகீழாக: முதலில் மனசுக்குள் ஐந்து எண்ணும்வரை சும்மா இருங்கள். நம்மில் பலருக்கு இதுதான் கஷ்டம். "சொல்லுல, சொல்லு, தெரியும்லா" என்று அடுக்கினால், ஒவ்வொரு சொல்லுக்கும் அவன் முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கும்.

சிறப்பாசிரியையிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். நடந்த பாடத்தை மறுபடி சொல்லித்தருவதை விட, அடுத்த வாரம் வரப்போகிற பாடத்தின் நாலைந்து சொல்லையும் பொருளையும் 20 நிமிடம் முன்கூட்டியே பழக்கட்டும். வகுப்பில் அது வரும்போது அவனும் கை தூக்குவான். மீதி நேரம் வகுப்புக்குள் அவன் குழுவோடு உட்காரட்டும். ஒரு 40 பக்க நோட்டு இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும். 'நல்லா செஞ்சான்' என்று எழுதுவதால் பயனில்லை. 'பத்து எண்ணுதல், அட்டையோடு, 5-இல் 4, சுட்டிக்காட்டினால் போதும்' என்று எழுதினால்தான் அடுத்தவர் எங்கே தொடங்குவது என்று தெரியும்.

2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிப்பது உங்களுக்குப் பழக்கம்தான். கணக்கில் அரும்பு என்பதற்காகத் தமிழிலும் அவனை அங்கேயே உட்காரவைத்துவிடாதீர்கள். பக்கத்தில் முதல் மார்க் வாங்குகிற பிள்ளையும் வேண்டாம். அது பொறுமையில்லாமல் தானே முடித்துக் கொடுத்துவிடும்.

பெரிய டீச்சர் சொல்வதைப் பற்றி: பாளையங்கோட்டையில் செவித்திறன், பார்வைத்திறன் குறைந்த பிள்ளைகளுக்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே தனிப் பள்ளிகள் தொடங்கினார்கள். சைகை மொழியையும் பிரெயிலையும் முறையாகக் கற்பிப்பது சாதாரண வகுப்பில் சுலபமில்லை; அங்கே அந்தப் பள்ளிகளின் அருமை வேறு. உங்கள் பையனின் தேவை அப்படிப்பட்டதல்ல. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற 6 முதல் 18 வயது வரையான பிள்ளைக்கு, அருகமைப் பள்ளியோ சிறப்புப் பள்ளியோ, விரும்பிய இடத்தில் இலவசக் கல்வி உண்டு. முடிவு வீட்டாருடையது. பள்ளி யோசனை சொல்லலாம், அனுப்பிவிட முடியாது.

வீட்டில் பழக்கச் சொன்னால் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் பக்கம் பல வீடுகளில் பீடி சுற்றுகிறார்கள். கட்டு எண்ணத் தெரிந்தால் போதுமே என்று அதைக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கட்டு 25. நீங்கள் பழக்குகிற பத்தோடு அது மோதும். புகையிலைத் தூளும் பிள்ளைக்கு ஆகாது. குழம்புக்குப் பத்துச் சின்ன வெங்காயம் எண்ணி எடுத்துவரச் சொல்லுங்கள் என்று அவன் ஆச்சியிடம் சொல்லிவிடுங்கள். முட்டை அட்டையில் ஒரு துண்டையும் கொடுத்தனுப்புங்கள்.