ஒட்டகம் படிக்கட்டும் விடுங்கள்

ஐயா, போன வாரம் மகளின் மேற்படிப்பு பற்றிக் கேட்க நீங்கள் குடும்பத்தோடு வந்தபோது, எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று சொல்லி அனுப்பினேன். அது போதாது. உங்கள் மச்சான் சொல்கிறார் என்பதற்காக வீட்டை அடமானம் வைத்து மகளை வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்காதீர்கள். ஐந்தரை வருடக் கால்நடை மருத்துவத்தை முடிக்கப் போகிறவள் மறுபடி முதல் வருடத்தில் உட்கார வேண்டுமா? திரும்பி வந்தாலும் தகுதித் தேர்வில் தேறினால்தான் இங்கே மருத்துவம் பார்க்க முடியும். அதுவரை வட்டி நிற்காது.

கால்நடை மருத்துவம் முடித்தவர்களுக்குச் சொந்த கிளினிக், அரசு வேலை என்ற இரண்டு வழிகளும் உங்களுக்கே தெரியும். மேற்படிப்பில் ஆராய விரும்புவதை எழுதி அவள் என் மேசையில் வைத்த தாளைப் பற்றிப் பேசுவோம். ஒட்டக இனங்களின் மரபணு வேறுபாடும் உடல் எடையும் என்று தலைப்பு. அதைப் பார்த்து மச்சான் சிரித்தது எனக்கு வருத்தமாக இருந்தது.

ராஜஸ்தானின் பிகானேரில் 1984 முதல் தேசிய ஒட்டக ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயர் கொண்ட பிகானேரி ஒட்டகம் கனத்த உடம்பு, பாரம் இழுக்கும். ஜெய்சல்மேரி மெலிந்தது, கால் நீண்டது, ஓட்டத்துக்குப் பேர்போனது. குஜராத்தில் கட்ச் கடலோரத்துக் காராய் ஒட்டகமோ நீந்திப் போய் அலையாத்தி இலை மேய்கிறது! சரி, இந்த எடை வித்தியாசத்தில் பரம்பரையின் பங்கு எவ்வளவு, தீவனத்தின் பங்கு எவ்வளவு? அதைப் பிரித்துச் சொல்வதுதான் அவள் செய்ய விரும்பும் வேலை.

மேய்ச்சல் காட்டில் எடைமேடை ஏது? நெஞ்சுச் சுற்றளவு, திமிலோடு சேர்த்த வயிற்றுச் சுற்றளவு, தோள் உயரம் மூன்றையும் நாடாவால் அளந்து எடையைக் கணக்கிடுவார்கள். அப்புறம் ரத்தம் எடுத்து டி.என்.ஏ. பிரித்து, வளர்ச்சி ஹார்மோன் மரபணு போன்றவற்றில் உள்ள மாற்றத்துக்கும் எடைக்கும் தொடர்பு உண்டா என்று பார்ப்பார்கள். ஒட்டகம் பதின்மூன்று மாதம் சுமந்து ஒரு குட்டி ஈனும், அடுத்த ஈற்றுக்குச் சுமார் இரண்டு வருடம் ஆகும். கோழிப் பண்ணை மாதிரி ஒரே வருடத்தில் ஆயிரம் குஞ்சை எடை போட்டு முடிவு சொல்ல முடியாது. எந்தத் தாய்க்கு எந்தக் குட்டி என்பது பெரும்பாலும் ராஜஸ்தானின் ரைக்கா சமூகத்து ஒட்டக மேய்ப்பர்களின் நினைவில்தான் இருக்கிறது. அவர்களிடம் கேட்டு எழுத வேண்டும் என்பதற்காகவே உங்கள் மகள் இந்தி கற்கத் தொடங்கிவிட்டாள். யார் சொல்லியும் அல்ல.

2012 கணக்கெடுப்பில் நாடு முழுக்க நாலு லட்சம் ஒட்டகங்கள் இருந்தன. 2019இல் இரண்டரை லட்சம். இன்னும் தாமதித்தால் நல்ல பொலி ஒட்டகத்தைத் தேர்ந்தெடுக்க மந்தையே மிஞ்சாது.

செலவுக்கு வருகிறேன். விலங்கு மரபியலில் எம்.வி.எஸ்சி. என்ற கால்நடை முதுகலைப் படிப்பு இரண்டு வருடம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழக நுழைவுத் தேர்வில் நல்ல இடம் பிடித்தால் மாதாமாதம் உதவித்தொகை உண்டு. பிகானேரிலேயே கால்நடைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. வேலை உறுதி என்று நான் சொல்ல மாட்டேன். ஒட்டகத்துக்கென்று உள்ள பணியிடங்கள் குறைவு. ஆனால் அதே பட்டம் மாடு, ஆடு, கோழி இனவிருத்திக்கும் செல்லும், வீடும் உங்கள் பெயரிலேயே இருக்கும்.

வியாழக்கிழமை அவளை மட்டும் அனுப்புங்கள். புள்ளியியலில் கொஞ்சம் தடுமாறுகிறாள், அதற்கு என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து பார்க்கிறோம். அதுவரை வங்கிப் பக்கம் போகாதீர்கள்.