ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறது, சர்ஜன் மட்டும் இல்லையாம்!

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. காசநோய் வந்து குணமான பிறகு வலது நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டிவிட்டது. தனியார் மருத்துவமனை ஒன்றில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை வாங்கிக்கொண்டு சேர்த்தார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் காலையில், "ஆஸ்பத்திரிதான் திட்டத்தில் இருக்கிறது. சர்ஜன் வெளியிலிருந்து வருகிறார், அவர் திட்டத்தில் இல்லை" என்று சொல்லி 65,000 ரூபாய் கேட்டார்கள். அம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டினோம். கொடுத்தது பதிவு எண் இல்லாத துண்டுச் சீட்டு. டாக்டரின் லெட்டர்பேடில் எம்.பி.பி.எஸ்., எம்.எஸ்., பிறகு ஒரு வெளிநாட்டுப் பட்டயம், கீழே ‘மார்பு அறுவை சிகிச்சை நிபுணர்’ என்று இருக்கிறது. மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் முதல் இரண்டு மட்டும்தான் இருக்கின்றன. போலி டாக்டர் என்று போலீசுக்குப் போகலாமா? அப்பா இப்போது நலம். – வாசகர், தென்காசி மாவட்டம்

பதில்: போலீஸ் வேண்டாம். தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019-ன் 34-வது பிரிவு ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம் என்று சொல்வது, பதிவே இல்லாமல் வைத்தியம் பார்ப்பவர்களுக்கு. இவர் பதிவு பெற்ற எம்.எஸ். டாக்டர். ‘போலி’ என்று எழுதிக்கொடுத்தால் அந்த ஒரு சொல்லே உங்கள் புகாரைக் கவிழ்த்துவிடும்.

அதற்காக அவர் செய்தது சரி என்றும் ஆகாது. நம் நாட்டில் எம்.எஸ். பொது அறுவை முடித்து, அதற்கு மேல் இதய, மார்பு, ரத்தநாள அறுவையில் எம்.சி.எச். அல்லது அதற்கு இணையான டி.என்.பி. படித்தவர்தான் வழக்கமாகத் தன்னை மார்பு சர்ஜன் என்று சொல்லிக்கொள்வார். (நெஞ்சக நோயில் எம்.டி. படித்தவர் மருந்து தருபவர், கத்தி பிடிப்பவர் அல்ல. இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள், அந்தத் துறையில் தனித் தகுதி இல்லாதவர் தன்னை ‘நிபுணர்’ என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்கின்றன. மருந்துச் சீட்டிலும் பண ரசீதிலும் பதிவு எண் இருந்தாக வேண்டும் என்பதும் அதே விதிகளில்தான் உள்ளது. உங்கள் கையிலுள்ள துண்டுச் சீட்டே அதை மீறியதற்குச் சாட்சி.

ஒன்றை மறக்க வேண்டாம். மேற்படிப்பை முடித்துவிட்டு, அதைக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதியாமல் விட்டுவிடும் டாக்டர்களும் உண்டு. அதனால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதும்போது குற்றம் சாட்டாதீர்கள். லெட்டர்பேடின் நகலை இணைத்து, ‘இந்தத் தகுதி பதிவாகியிருக்கிறதா, இல்லையென்றால் நிபுணர் என்று போட்டுக்கொள்ளலாமா’ என்று கேளுங்கள். பதில் சொல்லும் பொறுப்பு அந்த டாக்டரின் தலையில் விழும். கவுன்சில் எச்சரிக்கலாம், பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம். ஆனால் 65,000 ரூபாயை வாங்கித் தராது.

பணத்துக்கு வேறு வழி. அந்த வழியில் டாக்டரின் படிப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

"சர்ஜன் திட்டத்தில் இல்லை" என்ற பேச்சு சட்டத்தின் முன் நிற்காது. திட்டத்தில் ஒப்பந்தம் போட்டிருப்பது மருத்துவமனை. ஒரு சிகிச்சைக்குத் திட்டத்திடம் முன்கூட்டியே அனுமதி (முன் அனுமதி) வாங்கிவிட்டால், அதற்கான தொகுப்புத் தொகையில் சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், மருந்து, படுக்கை எல்லாம் அடக்கம். வெளியிலிருந்து யாரைக் கூப்பிட்டாலும் அவருக்குக் கொடுக்க வேண்டியது மருத்துவமனைதான். அவர்களுக்கு இருக்கும் ஒரே வாதம், தங்களுக்கு எலும்பு, சிறுநீரகம் போன்ற துறைகளில் மட்டுமே அங்கீகாரம், மார்பு அறுவைக்கு இல்லை என்பதுதான். அப்படியானால் அட்டையை ஏன் வாங்கினீர்கள், எந்தச் சிகிச்சைக்கு முன் அனுமதி கேட்டீர்கள்?

எனவே முதல் வேலை, காகிதங்களைச் சேர்ப்பது. சிகிச்சை ஆவணங்கள் முழுவதையும் எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. வந்ததும் முன் அனுமதிக் கோரிக்கை, ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றிலும் சர்ஜன் என்று யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அனுமதி ஒருவர் பெயரில், கத்தி இன்னொருவர் கையில் என்று இருந்தால் மருத்துவமனை வசமாக மாட்டிக்கொள்ளும். முன் அனுமதிக் கோரிக்கையின் நகலை மருத்துவமனை தர மறுத்தால் திட்ட அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போடுங்கள். கேட்பது உங்கள் அப்பாவின் கோப்பு என்பதால் மனுவில் அவர் கையெழுத்தே இருக்கட்டும்.

பிறகு மாவட்ட ஆட்சியரிடம் மனு. நகல் திட்ட அலுவலகத்துக்கு. கூடுதலாக வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வைக்கும் நெருக்கடி அங்கிருந்துதான் வரும். பாதிக்கு மேற்பட்ட புகார்கள் இங்கேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

முடியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். இலவச சிகிச்சைதானே, நீங்கள் நுகர்வோரே இல்லை என்று வக்கீல் வைத்து வாதாடுவார்கள். நோயாளிக்காகக் காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டினாலும் அது சேவைதான் என்று 1995-லேயே வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போதாததற்கு நீங்கள் ரொக்கமும் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. கவனக்குறைவான சிகிச்சை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்பா நலமாக நடந்துவந்து சாட்சி சொல்வார், உங்கள் வழக்கு அங்கேயே சாய்ந்துவிடும்.

ரொக்கம் கொடுத்ததற்கு அந்தச் சீட்டு போதுமா என்று கேட்பீர்கள். அடகுக் கடைச் சீட்டைத் தேடி எடுங்கள். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் தேதி அதில் இருக்கும்.