பத்து நாள் சளி, இன்று ஒரு கண் இமை வீக்கம்: ஆவி பிடிக்கலாமா?

கும்பகோணம் பக்கம் ஏழு வயதுப் பையன், பத்து நாளாகக் கெட்டிச் சளி, நேற்று முதல் காய்ச்சல், காலையில் வலது இமை சிவந்து வீங்கியிருக்கிறது, நொச்சித் தழை போட்டு ஆவி பிடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள சைனஸ் என்னும் காற்றறைகள் பிறக்கும்போதே உண்டு. அவற்றுக்கும் கண்குழிக்கும் குறுக்கே இருப்பது காகிதம் போல மெல்லிய எலும்பு. கிருமி அதைத் தாண்டினால் கண்குழியில் சீழ் கட்டும், பார்வை நரம்பு நசுங்கும், மூளைக்கும் பரவலாம்.

கிளம்புமுன் இமையை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். தலையை அசைக்காமல் உங்கள் விரலை மேல், கீழ், இடம், வலம் பார்க்கச் சொல்லுங்கள். விழி முழுதாகத் திரும்பாவிட்டாலோ, திருப்பும்போது வலித்தாலோ, இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, கண் முன்னே பிதுங்கியிருந்தாலோ, அந்தக் கண்ணால் பார்க்கும்போது மட்டும் சிவப்பு நிறம் மங்கலாகத் தெரிந்தாலோ உள்ளூரில் நேரம் கடத்த வேண்டாம். காது மூக்கு தொண்டை மருத்துவர், கண் மருத்துவர், சி.டி. ஸ்கேன் மூன்றும் ஒரே இடத்தில் வேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்துக்கு 108-ஐக் கூப்பிடுங்கள். ஓயாத தலைவலியோடு வாந்தி, கழுத்து விறைப்பு, எழுப்பினாலும் சொக்கிப்போவது, வலிப்பு, இவையும் அப்படியே. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு நெற்றியில் மெத்தென்று புடைத்தால் அதுவும் ஆபத்துதான்.

கண்ணில் தொந்தரவு இல்லாத சளி வேறு. மஞ்சளாக, பச்சையாக வருகிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் வேண்டியதில்லை. பத்து நாள் தாண்டியும் குறையாமல் இருப்பது, குறைந்து மறுபடி கூடுவது, 102 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் சீழ்ச் சளியும் சேர்ந்து மூன்று நாள் நீடிப்பது, இந்த மூன்றில் ஒன்று இருந்தால்தான் சைனஸ் தொற்று என்று மருத்துவர் முடிவெடுப்பார். அதற்கு எக்ஸ்ரே தேவையில்லை. போன தடவை மிஞ்சிய சிரப்பைக் கொடுக்காதீர்கள். அளவு எடைக்கேற்ப மாறும்.

வீட்டில் செய்யக்கூடியது உப்பு நீர்ச் சொட்டு. கொதிக்கவைத்து ஆறிய 240 மில்லி தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, அன்றன்றைக்குப் புதிதாக. போர் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர் எதையும் காய்ச்சாமல் மூக்கில் விடக்கூடாது. மூக்கு வழியே மூளைக்கு ஏறும் அமீபா உண்டு. எண்ணெய்ச் சொட்டும் வேண்டாம், நுரையீரலுக்குள் இறங்கும். கொதிக்கிற பானைக்கு முன் போர்வைக்குள் உட்காரவைத்தால் குழந்தை ஒரு தடவை திமிறினாலே தொடை வெந்துவிடும்.

சின்னக் குழந்தைக்கு ஒரே மூக்குத் துவாரத்தில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் உளுந்தோ புளியங்கொட்டையோ உள்ளே போயிருக்கலாம். ஊக்கால் நோண்டாதீர்கள், இன்னும் உள்ளே தள்ளிவிடும்.