முழங்கால் வலியுள்ள அம்மாவோடு காட்ஸ்வோல்ட்ஸில் எங்கே நடக்கலாம்?

அம்மாவுக்கு முழங்கால் வலி, கையில் காரும் இல்லை, மேடுபள்ளம் இல்லாத கிராமத்து நடை வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் போர்ட்டன்-ஆன்-த-வாட்டர் என்ற ஊரிலிருந்து லோயர் ஸ்லாட்டர் கிராமத்துக்கு நடந்து போங்கள். சுமார் 2 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம்.

லண்டன் பேடிங்டனில் ரயிலேறி மோர்ட்டன்-இன்-மார்ஷில் இறங்குங்கள். அங்கிருந்து போர்ட்டனுக்கு 801 பேருந்து. திரும்பும் பேருந்தின் நேரத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

பெயரைக் கேட்டு அம்மா பயப்படப் போகிறார்! ஸ்லாட்டர் என்றால் இங்கே வெட்டுக்குத்து இல்லை, பழைய ஆங்கிலத்தில் சேற்று நிலம். லோயர் ஸ்லாட்டரில் ஐ என்ற சிற்றாறு வீட்டு வாசல்களை ஒட்டியே ஓடும். தேன் நிறக் கல் வீடுகளுக்கு நடுவே பழைய மாவு ஆலையின் செங்கல் புகைபோக்கி மட்டும் தனித்துத் தெரியும்.

அப்பர் ஸ்லாட்டர் இன்னும் ஒன்றரை கிலோமீட்டர். இரண்டு உலகப் போர்களுக்கும் போன அத்தனை பேரும் உயிரோடு திரும்பிய ஊர் அது. ஆனால் புல்வெளிப் பாதை. மழை பெய்திருந்தால் வழுக்கும். வழியில் வரும் வேலிக் கதவுகளில் ஒவ்வொருவராக நுழைந்து, ஒதுங்கி நின்று, கதவைத் திருப்பிவிட்டு வெளியேற வேண்டும். அம்மாவுக்கு வலித்தால் லோயரோடு திரும்பிவிடுங்கள். அப்புறம், செருப்பு வேண்டாம், ஷூதான்.