தேவாரத்துக்கு ‘எச்’ கிடையாது

வணக்கம் ஐயா,

இசைக் கல்லூரியில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தேவாரப் பண்களுக்கும் இன்றைய ராகங்களுக்கும் உள்ள உறவு பற்றி ஆய்வேடு எழுத வேண்டும். கூகுளில் கிடைப்பதை வைத்து எழுதாதே, ஜேஸ்டோர், ரிலம், குரோவ் போன்ற ஆய்வுத் தளங்களை எல்லாம் பார் என்கிறார் என் வழிகாட்டி. எங்கள் கல்லூரியில் சந்தா இல்லை. சென்னையில் தோழி படிக்கும் பல்கலைக்கழக நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து தேடினேன். பத்துப் பன்னிரண்டு கட்டுரைகள்தான் வந்தன, பாதி சம்பந்தமே இல்லாதவை. நம் இசையைப் பற்றி யாரும் எழுதவில்லையா, எனக்குத்தான் தேடத் தெரியவில்லையா?

எஸ்., திருவாரூர்

அன்புள்ள எஸ்.,

எழுதியிருக்கிறார்கள், நிறையவே. உங்கள் மின்னஞ்சலின் தலைப்பில் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் ‘டி’ (T), ‘எச்’ என்று தொடங்கியிருக்கிறீர்கள். நாம் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம். நூலகங்கள் அப்படி எழுதுவதில்லை. உங்கள் இரண்டு நாள் அங்கேதான் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

உலக நூலகங்கள் தமிழை ஆங்கில எழுத்தில் பதிவதற்கு ஒரு முறை வைத்திருக்கின்றன. அது ஒலியைப் பார்க்காது, எழுத்தைப் பார்க்கும். ‘த’ எங்கே வந்தாலும் வெறும் ‘டி’, ‘எச்’ கிடையாது. ‘க’ எப்போதும் ‘கே’, நாம் ‘ஜி’ போல உச்சரித்தாலும் சரி. ‘ச’ எப்போதும் ‘சி’. ஆகவே இசை என்ற சொல் அங்கே ‘ஐ, சி, ஏ, ஐ’. சிலப்பதிகாரத்தை ‘எஸ்’ வரிசையில் தேடினால் கிடைக்காது, ‘சி’ வரிசையில் இருக்கும். ‘ழ’வுக்கு ‘இசட்’, ‘எச்’ போடமாட்டார்கள், ‘எல்’ எழுதி அடியில் ஒரு கோடு. பல வருடங்களுக்கு முன் நானும் ஒரு வாரம் முழுக்க ‘எஸ்’ஸில் தேடிவிட்டு, ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டினேன். ஒரு நூலகர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார்.

ஆனால் கட்டுரை எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த முறையைப் பின்பற்றுவதில்லை. அதனால் ஒரு சொல்லுக்கு நான்கைந்து எழுத்துக்கூட்டல் இருந்தால் எல்லாவற்றையும் நடுவில் ‘அல்லது’ என்று பொருள்படும் ‘ஆர்’ (OR) போட்டு ஒரே தேடலில் கொடுங்கள். பண் என்பதை மட்டும் தனியாகத் தேடாதீர்கள். ஆங்கிலத்தில் அது வாணலிக்கும் கிரேக்கர்களின் ஆட்டுக்கால் தேவனுக்கும் உரிய சொல். தேவாரத்தையும் அதோடு சேர்த்துத் தேடுங்கள்.

அடுத்த சிக்கல், எந்தத் தலைப்பின் கீழ் வைத்திருக்கிறார்கள் என்பது. குரோவ் இசைக் கலைக்களஞ்சியத்தின் 1980 பதிப்பில் ஹரால்ட் பவர்ஸ் ராகம் பற்றி மிக ஆழமாக எழுதியிருக்கிறார். அது இருப்பது ‘மோட்’ என்ற நீண்ட கட்டுரைக்குள்ளே. மேலைநாட்டுத் தேவாலய இசையில் தொடங்கி ராகத்துக்கு வந்து சேர்கிறது. பண் எப்படி ராகமாகிறது என்று கேட்கும் உங்களுக்கு அந்தக் கட்டுரை கட்டாயம் வேண்டும்.

ரிலமும் ஜேஸ்டோரும் ஒரே மாதிரி என்று நினைத்துவிட வேண்டாம். ரிலம் 1966இல் பாரி புரூக் நியூயார்க்கில் தொடங்கியது, அடிப்படையில் ஓர் அட்டவணை. எந்த மொழியில் யார் இசை பற்றி என்ன எழுதினார் என்பதைச் சுருக்கத்தோடு சொல்லும். ஜேஸ்டோர் முழுக் கட்டுரையையே தரும், ஆனால் பல இதழ்களின் கடைசிச் சில வருடங்கள் அதில் இருக்காது. ஜேஸ்டோரில் சொந்தமாக இலவசக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரைகள் வரை திரையிலேயே படிக்கலாம். உங்களுடையது அரசுக் கல்லூரி என்றால், ஆய்விதழ்களைப் படிக்க மத்திய அரசு 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள்.

அப்புறம், உங்கள் வழிகாட்டி சொன்ன பட்டியலோடு நின்றுவிடாதீர்கள் என்று வற்புறுத்தவே இந்தப் பதிலை எழுதுகிறேன். பண் ஆராய்ச்சியின் பெரும்பகுதி தமிழில் நடந்தது. ஆபிரகாம் பண்டிதர் கருணாமிர்த சாகரத்தை 1917இல் உங்களுக்குப் பக்கத்தில், தஞ்சாவூரில் வெளியிட்டார். விபுலாநந்தரின் யாழ்நூல் வந்தது 1947இல். தமிழ் இசைச் சங்கம் பண் ஆராய்ச்சிக்கென்றே ஆண்டுதோறும் அறிஞர்களையும் ஓதுவார்களையும் கூட்டியது. இவற்றையெல்லாம் நியூயார்க்கின் அட்டவணையில் முழுமையாக எதிர்பார்க்க முடியாது. மியூசிக் அகாடமியின் ஆய்விதழ் 1930 முதல் வருகிறது, பழைய இதழ்களை அவர்கள் தளத்திலேயே படிக்கலாம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ‘கணினித் தேவாரம்’ மூவர் பாடல்களையும் வி.எம். சுப்பிரமணிய அய்யரின் ஆங்கில உரையையும் சொல்லடைவோடு தருகிறது. ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற இணையதளம் இருக்கிறது. சென்னைக்கு மறுபடி போனால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் ஒரு நாள் செலவிடுங்கள்.

‘இப்பொருள் பற்றி இதுவரை யாரும் ஆராயவில்லை’ என்ற வரியைத் தமிழ் ஆய்வேடுகளில் அடிக்கடி பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது. வாழ்நாளையே கொடுத்து எழுதியவர்களை ஓர் எழுத்துக்கூட்டலால் இல்லாமல் ஆக்கிவிடுகிறோம். நீங்கள் அந்த வரியை எழுத வேண்டாம்.

முதலில் ஒரே ஒரு பண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நட்டபாடை நல்லது. சம்பந்தரின் முதல் பதிகமே அதில்தான், ஓதுவார்கள் இன்று அதைக் கம்பீர நாட்டையில் பாடுகிறார்கள். ஒரு நோட்டில் அந்தப் பெயரை எத்தனை விதமாக எழுதலாம் என்று குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள். என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.